வார ஊசிகள் இரண்டு: வெகோவியும் மவுஞ்சாரோவும்

வெகோவி, மவுஞ்சாரோ இரண்டும் எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசிகள். முதல் மாதம் முடிந்தும் எடை இறங்கவில்லை என்று வெகோவியைத் திட்டுபவர்கள் நிறைய. ஆரம்ப டோஸான 0.25 மில்லிகிராம் எடை குறைப்பதற்கானதே அல்ல. குடலும் வயிறும் மருந்துக்குப் பழகட்டும் என்று கொடுப்பது. 4 வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7 என்று ஏறி 2.4-ஐத் தொடும்போது 17-வது வாரம் ஆகிவிடும். மவுஞ்சாரோவும் அப்படித்தான். 2.5-ல் 4 வாரம், பிறகு 5. அதற்கு மேல் தேவைப்பட்டால் 2.5 வீதம் கூட்டிக்கொண்டே போய் 15-ல் நிற்கும்.

வெகோவியில் இருப்பது செமாகுளுடைடு, மவுஞ்சாரோவில் டிர்செபடைடு. எடையை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் முந்துகிறது. 2025-ல் வெளியான நேரடி ஒப்பீட்டில், 72 வாரத்தில் டிர்செபடைடு எடுத்தவர்கள் சராசரியாக 20.2 சதவீதமும் செமாகுளுடைடு எடுத்தவர்கள் 13.7 சதவீதமும் குறைந்தார்கள். ஆனால் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர் செமாகுளுடைடை ஒதுக்கிவிட வேண்டாம். சர்க்கரை நோய் இல்லாத இதய நோயாளிகளிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் வரும் மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்ததாக 2023-ல் வந்த பெரிய ஆய்வு காட்டியது.

இவை பொதுவாக பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 30-ஐத் தொட்டவர்களுக்கு, 27 என்றால் கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொந்தரவு இருக்க வேண்டும். சீட்டு எழுதும் முன் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லவேண்டிய விஷயங்கள் சில உண்டு. குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்பது முதலாவது. இருந்திருந்தால் இரண்டு ஊசியுமே கூடாது. முன்பு கணைய அழற்சி வந்தது, பித்தப்பைக் கல், சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு, இவற்றையும் மறைக்காதீர்கள். இன்சுலினோ கிளிமெபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு அதன் அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். கர்ப்பம் தரிக்கத் திட்டமிருந்தால் செமாகுளுடைடை 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு எடுக்கும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை மட்டும் போதாது: தொடங்கியதும் 4 வாரம், ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றியதும் 4 வாரம், ஆணுறை போன்ற இன்னொரு தடுப்பும் வேண்டும். இந்த ஒன்றைப் பலரிடம் யாருமே சொல்வதில்லை என்பதுதான் கொடுமை.

குமட்டல்தான் பெரும்பாலோரின் புகார். இரைப்பையிலிருந்து உணவு கீழே இறங்குவதை மருந்து தாமதப்படுத்துகிறது. பழைய அளவிலேயே தட்டை நிரப்பிச் சாப்பிட்டால் அது அப்படியே தங்கி, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பமாக வரும், அல்லது வாந்தியாக வரும். கொழுப்பும் பொரித்ததும் எல்லாவற்றையும்விட நேரம் பிடிக்கும். தட்டைப் பாதியாக்கி, வயிறு ‘போதும்’ என்றதும் எழுந்துவிடுங்கள். சாப்பிட்ட உடனே படுக்காதீர்கள். ஊசி போட்ட முதல் 2, 3 நாள்தான் மருந்தின் வேகம் அதிகம், எனவே வெளியூர்ப் பயணத்துக்கு முந்தைய நாளில் டோஸ் ஏற்றுவது நல்ல யோசனை இல்லை. குமட்டல் அடங்காமல் அடுத்த படிக்கு ஏறாதீர்கள். அதே டோஸில் இன்னும் 4 வாரம் நிற்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். வாந்தி தொடர்ந்து தண்ணீர்கூட நிற்காவிட்டால் சிறுநீரகம் அடி வாங்கும். மேல் வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகு வரை பாய்ந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மருந்து நிரப்பி வரும் ஊசிப் பேனாவைப் பொறுத்தவரை தப்பு நடப்பது கடைசி சில நொடிகளில்தான். டயல் வகையில் எண் 0-க்கு வந்ததும் மெதுவாக 6 வரை எண்ணிவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மருந்து தோலில் வழிந்துவிடும். எவ்வளவு உள்ளே போனது என்று கண்டுபிடிக்க முடியாததால், ஈடுகட்ட இன்னொன்று போடவும் கூடாது. ஊசிமுனையைப் பேனாவிலேயே மாட்டி வைத்தால் கசியும், காற்றும் புகும். 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், ஃபிரீசரை ஒட்டிய தட்டில் வேண்டாம். ஒருமுறை உறைந்த மருந்து, உருகித் தெளிவாகத் தெரிந்தாலும், குப்பைக்குத்தான்.

பேனாவுக்குப் பதில் நாமே சிரிஞ்சில் இழுத்துப் போடும்படி மலிவாகக் கிடைக்கும் செமாகுளுடைடு குப்பி மருந்தை இங்கே பரிந்துரைக்கப்போவதில்லை. மில்லிக்கு 5 மில்லிகிராம் செறிவுள்ள குப்பியில் 0.25 மில்லிகிராம் என்பது இன்சுலின் சிரிஞ்சில் வெறும் 5 யூனிட். 50 கோடு வரை இழுத்தால் பத்து மடங்கு உள்ளே போகும். 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றி 2024-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் ஊசி விவரத்தைச் சொல்லிவிடுங்கள். பட்டினி கிடந்தும் வயிற்றில் உணவு இருக்கக்கூடும். குறையும் எடையில் தசையும் அடக்கம் என்பதால் புரதமும் எடை தூக்கும் பயிற்சியும் முதல் வாரத்திலிருந்தே வேண்டும்.

செமாகுளுடைடை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வு சொல்கிறது. ஆறு மாதம் போட்டுவிட்டு விடலாம் என்று தொடங்குபவருக்கு இது சரிவராது. இடையில் இரண்டு மூன்று ஊசி தவறிவிட்டால் பழைய உயர் டோஸுக்கே தாவாமல் டாக்டரைக் கேளுங்கள். திரும்பக் கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டியிருக்கலாம். அதனால் முதல் பெட்டியை வாங்கும்போதே, அடுத்த இரண்டு படிகளுக்கான பெட்டிகளும் தடையில்லாமல் கிடைக்குமா என்று மருந்துக் கடையில் விசாரித்துவிடுங்கள்.