முதல் ரூல்செட்டை எங்கே எழுதலாம்: ரோல்20, ஃபவுண்டரி, ஃபேண்டஸி கிரவுண்ட்ஸ்

கோடிங் பக்கமே போகாத ஒருவர், தான் ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டின் விதிகளைக் கணினிக்குச் சொல்லித்தர, அதாவது ஒரு ரூல்செட் எழுத நினைத்தால், கண்ணில் படுவது பெரும்பாலும் ரோல்20, ஃபவுண்டரி, ஃபேண்டஸி கிரவுண்ட்ஸ் என்ற மூன்றும்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதைக் கணினித் திரையில் ஆடவைக்கும் மென்பொருள்கள் இவை. வசதிப் பட்டியல்களை வைத்து ஒப்பிட்டால் எதுவும் விளங்காது. ஒரே சின்ன வேலையை மூன்றிலும் செய்துபார்க்க வேண்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி 5.1 2023 ஜனவரியில், யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தது. அதிலிருந்து ஒரே ஒரு விதி போதும்: கதாபாத்திரத்தின் வலிமை எண்ணில் 10-ஐக் கழி, 2-ஆல் வகு, கீழ்நோக்கி முழு எண்ணாக்கு. பகடையில் விழும் எண்ணோடு கூட்ட வேண்டிய அதுதான் மாடிஃபையர். 20 பக்கப் பகடையை உருட்டி அதோடு இதைக் கூட்ட ஒரு பட்டன்.

சோதிக்கும்போது வலிமைக்கு 16 போடாதீர்கள், 7 போடுங்கள். 16-க்கு எப்படி எழுதினாலும் 3 வரும். 7-க்கு -1.5 வரும், கீழ்நோக்கிப் போனால் -2, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெறுமனே வெட்டினால் -1. புதியவர்கள் வெட்டிவிட்டு, விடை சரி என்று நம்பிவிடுகிறார்கள். கூகுள் ஷீட்ஸில் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது; அங்குள்ள 'இன்ட்' ஃபங்ஷன் கீழே இறக்கும், 'ட்ரங்க்' வெட்டும். பகடையை மட்டும் அங்கே உருட்டாதீர்கள். எந்தக் கட்டத்தைத் திருத்தினாலும், ஏதோவொரு எண்ணைத் தரும் 'ராண்ட்பிட்வீன்' ஃபங்ஷன் அந்த எண்ணை மாற்றிவிடும்.

2012-இல் வந்த ரோல்20 பிரவுசரிலேயே ஓடுகிறது. கதாபாத்திரத்தின் எண்களை வைக்கும் பக்கமான கேரக்டர் ஷீட்டுக்கு, வலைப்பக்கங்களை அமைக்கும் எச்டிஎம்எல், அவற்றின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ். கணக்குக்கு, ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி கொஞ்சம். எண் நிரப்பும் பெட்டியின் பெயர் 'அட்ரிப்யூட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்தோடும் ஓர் அடிக்கோட்டோடும் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி திரையில் ஒழுங்காகத் தெரியும், ஆனால் போட்ட எண் சேமிப்பில் ஏறாது. மாற்றத்தைக் கவனிக்கும் வரியில் பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பெரிய எழுத்து இருந்தால் கணக்கு ஓடவே ஓடாது. இன்னொன்று இன்னும் நயவஞ்சகமானது: பெட்டியிலிருந்து வரும் எண், எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்துகளின் வரிசையாக (எழுத்துச் சரமாக) வரலாம். கழிக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் தானே எண்ணாக்கிக்கொள்வதால் மாடிஃபையர் சரியாக வரும். ஆனால் 3-உடன் 2-ஐக் கூட்டினால் 5 வராது, 32 வரும். கூட்டுமுன், சரத்தை எண்ணாக்கும் 'பார்ஸ்இன்ட்' போட்டுவிடுங்கள்.

ஃபவுண்டரி 2020-இல் வந்தது. ஒரே முறை உரிமம் வாங்கி, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் தன் கணினியிலேயே ஓட்டலாம். கோப்புகள் உங்கள் வட்டிலேயே இருப்பதால் பிரித்துப் பார்த்துக் கற்கலாம். 'சிஸ்டம்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் ஃபோல்டர், அதில் உங்கள் ரூல்செட்டை அறிமுகப்படுத்தும் 'சிஸ்டம்.ஜேசன்' கோப்பு. ஃபோல்டர் பெயரும் அந்தக் கோப்பில் எழுதிய ஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி உறுப்புக்குப் பின் ஒரு காற்புள்ளி மிஞ்சினாலும் கோப்பைப் படிக்க முடியாது. மாடிஃபையரைச் சேமிக்காமல், 'பிரிப்பேர்டிரைவ்டுடேட்டா' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் கணக்கிடுவதே ஃபவுண்டரியின் வழி. வலிமை மாறிய பிறகும் பழைய மாடிஃபையர் ஒட்டிக்கொண்டிருக்கும் தொல்லை இதனால் வராது. இந்த ஒரு பழக்கம் எந்த மொழிக்குப் போனாலும் கூடவே வரும். அதனால்தான் நிரல் எழுதவே கற்க வந்தவருக்கு ஃபவுண்டரியைச் சொல்கிறோம்.

அங்கே ஆளைக் கவிழ்ப்பது பழைய பாடங்கள். 2022-இல் வந்த 10-ஆம் பதிப்பில், 'ஆக்டர்.டேட்டா.டேட்டா' என்று எழுதிவந்தது 'ஆக்டர்.சிஸ்டம்' ஆனது. ஒரு பாடத்தில் 'டேட்டா' இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் அதை மூடிவிடுங்கள்.

ஃபேண்டஸி கிரவுண்ட்ஸ் மூன்றிலும் மூத்தது, 2004. கணக்குக்கு லுவா என்ற நிரல்மொழியும், திரையை அமைக்க எக்ஸ்எம்எல்லும் தெரிய வேண்டும். வெறும் தாளில் தொடங்க வேண்டாம். அதோடு வரும் அடிப்படை ரூல்செட்டான 'கோர்ஆர்பிஜி'யை இறக்குமதி செய்யும் ஒரே வரியில் சாட், பகடை, சண்டை வரிசைப் பட்டியல் எல்லாம் வந்துவிடும். கோர்ஆர்பிஜியின் 'பேக்' கோப்பே நல்ல பாடநூல்: அது ஜிப்தான், நகலெடுத்து, பெயரின் கடைசிப் பகுதியை 'ஜிப்' என்று மாற்றித் திறக்கலாம். ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வருபவர் இரண்டு இடத்தில் இடறுவார். லுவாவில் பட்டியல் எண் 1-இல் தொடங்கும். 'சமமில்லை' என்பதற்குச் சமக்குறியின் முன்னால் ஆச்சரியக்குறி கிடையாது, அலைக்கோடுதான். திருத்தியதும் சாட்டில் 'ரீலோட்' கட்டளை கொடுத்தால் போதும்.

உங்கள் குழு ஏற்கெனவே அங்கே ஆடினால் தவிர, முதல் ரூல்செட்டுக்கு ஃபேண்டஸி கிரவுண்ட்ஸைப் பரிந்துரைக்க மாட்டோம். வரும் வாரமே ஆட ஷீட் வேண்டும் என்றால் ரோல்20. எதைப் பிடித்தாலும் மந்திரப் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒரே ஓர் ஆயுதம், பிறகு ஆயுதங்களைச் சேர்க்கவும் நீக்கவும் ஒரு பட்டியல். அதில் இரண்டாவது வாளை நீக்கியதும் மூன்றாவது வாளின் எண்கள் கலையாமல் நின்றால் மந்திரங்களைத் தொடலாம்.