இரண்டடுக்கு மாடல் ரயில்: சுருளில் ஏற்றுவதா, சுவரோரமாக ஏற்றுவதா?

அறை ஒன்றுதான், ஆனால் ரயில் ஓடும் தூரம் இரட்டிப்பாக வேண்டும் என்றால் இரண்டு தளம் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தளங்களைக் கட்டுவது பெரிய வேலை இல்லை. கீழ்த்தளத்து ரயில் மேல்தளத்துக்கு எப்படிப் போகும் என்பதில்தான் மொத்தத் திட்டமும் நிற்கிறது. வழிகள் மூன்று: ஹீலிக்ஸ் எனப்படும் சுருள் பாதை, அறைச் சுவரை ஒட்டி மெல்ல மெல்ல ஏறும் பாதை (நோலிக்ஸ்), ரயிலை அப்படியே தூக்கும் லிஃப்ட். நான் கட்டியிருப்பது சுவரோரப் பாதை. எனவே அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

தளங்களுக்கு நடுவே 40 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். எச்.ஓ. அளவில் (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு, 1:87) 2 சதவீத ஏற்றம், அதாவது 100 செ.மீ.க்கு 2 செ.மீ. உயரம் என்றால் 20 மீட்டர் பாதை தேவை. சுருளோ சுவரோரமோ, இந்த 20 மீட்டரிலிருந்து தப்ப முடியாது. அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

சுருளில் ஒரு சுற்றின் தலைக்கு மேலேயே அடுத்த சுற்று போகும். ரயிலின் உயரம், பிளைவுட்டின் தடிமன், தண்டவாளம் எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு 9 செ.மீ.யாவது ஏற வேண்டும். ஆரம் 75 செ.மீ. என்றால் ஒரு சுற்று 4.7 மீட்டர், 2 சதவீதத்தில் 9.4 செ.மீ. ஏறும். நாலேகால் சுற்றில் மேல்தளம் வந்துவிடும். ஆரத்தை 60 ஆகக் குறைத்தால் அதே உயரத்துக்கு ஏற்றம் 2.5 சதவீதம் ஆகிவிடும். வளைவின் உராய்வு தனி. பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: 81-ஐ செ.மீ. ஆரத்தால் வகுத்து, வரும் எண்ணை ஏற்றச் சதவீதத்தோடு கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் 75 ஆரச் சுருளை 3 சதவீத ஏற்றமாகவும், 60 ஆரச் சுருளை கிட்டத்தட்ட 4 சதவீத ஏற்றமாகவும் இன்ஜின் உணரும். எடை குறைந்த பெட்டி நடுவில் இருந்தால் உள்பக்கமாகச் சாய்ந்து விழும். 15 செ.மீ. நீளப் பெட்டிக்கு ஏறக்குறைய 113 கிராம் என்ற என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்க மாடல் ரயில் ஆர்வலர் சங்கம்) பரிந்துரையைச் சுருள் கட்டுபவர்கள் தட்டிக்கழிக்கக் கூடாது.

சுருளின் பலமும் பெரியது. ஏறக்குறைய 1.6 மீட்டர் சதுர மூலையில் வேலை முடிந்துவிடும். இரண்டு தளமும் சமமாக, ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருக்கும். அப்புறம், சுருள் பாதை நிஜ ரயிலுக்கு அந்நியமானதும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்னினா பாதையில் 1908-இல் திறந்த புரூசியோ வளையப் பாலத்தின் ஆரம் 70 மீட்டர். எச்.ஓ.வில் அது வெறும் 80 செ.மீ. அந்த மாதிரி ஒரு சுற்றையாவது கண்ணுக்குத் தெரிய வைத்தால் சுருளே காட்சியாகிவிடும்.

ஆனாலும் நான் சுவரோரம் போனதற்கு முதல் காரணம், கை எட்ட வேண்டும் என்பது. லேஅவுட்டை, அதாவது மாடல் ரயில் அமைப்பு முழுவதையும், கட்டுவது ஒரு தடவை. தண்டவாளத்தைத் துடைப்பதும் தடம் புரண்டதை எடுப்பதும் அது இருக்கும்வரை ஓயாது. தண்டவாளத்தில் அழுக்கு படிந்தால் முதலில் சறுக்குவது ஏற்றத்தில்தான். அந்த ஏற்றம் முழுவதும் சுருளுக்குள் இருந்தால், பலகை போக 7 அல்லது 8 செ.மீ. சந்துக்குள் விரலை விட்டு 20 மீட்டரையும் துடைக்க வேண்டும். மூன்றாம் சுற்றில் ஒரு பெட்டி கவிழ்ந்தால் சுருளுக்கு அடியில் தவழ்ந்து நடுவில் போய் எழ வேண்டும். இன்றைக்கு அது முடியும். இருபது வருடம் கழித்து முழங்கால் என்ன சொல்லும்?

வெப்பமும் கணக்கில் வரும். 20 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாமல் எல்லாவற்றையும் பற்றவைத்திருந்தால் அந்த 3 மி.மீ. எங்காவது ஒரு வளைவில் பிதுங்கும். சுவரோரப் பாதையிலும் இதே நீட்சிதான், ஆனால் பிதுங்கிய இடம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

இன்னொன்று, ரயில் மறைந்திருக்கும் நேரம். நிஜ ரயிலின் மணிக்கு 40 கி.மீ. வேகத்தை 87-இல் ஒரு பங்காகக் குறைத்த மாடல் வேகத்தில் 20 மீட்டர் சுருளைக் கடக்க இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் வெறும் சத்தம்தான். சுவரோரத்தில் அதே இரண்டரை நிமிடம் ஒரு மலைப்பயணம். இன்ஜின் திணறித் திணறி ஏறுவதைக் கூடவே நடந்து பார்க்கலாம். மாடல் ரயிலில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

இதற்கு விலையும் உண்டு. 4 மீட்டருக்கு 3.5 மீட்டர் அறையில், மூலை வளைவுகள் போக ஒரு சுற்று 12 மீட்டர் வரும். ஏற்றத்துக்கு 20, பெட்டிகள் தானாக உருளாமல் நிற்க ஸ்டேஷனுக்குச் சமதளமாக 4 என்று இரண்டு முழுச் சுற்று தேவை. அதாவது வாசலைப் பாதை கடந்தே தீரும். திறந்து மூடும் பாலமும், பாலம் திறந்ததும் இரு பக்கமும் ஒரு மீட்டர் வரை மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம். ஏற்றம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பாதை தளத்தோடு நெருங்கிவிடும் என்பதால் அங்கே தளத்தைப் பின்னுக்குத் தள்ளி, பாதையை முன் விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும். யார்டோ (பெட்டிகளை நிறுத்திப் பிரிக்கும் தண்டவாளத் தொகுதி) கிளைப்பாதையோ நினைத்த இடத்தில் வைக்க முடியாது. அறை இதைவிடச் சிறியதென்றாலோ மூன்று தளம் வேண்டுமென்றாலோ சுருள்தான் சரி.

லிஃப்டை நான் கட்டியதில்லை, அடுத்தவர் லேஅவுட்டில் ஓட்டிப் பார்த்ததோடு சரி. ரயிலின் நீளத்துக்கு ஒரு பலகை, எதிர் எடை, மோட்டார், அவ்வளவுதான். இடம் மிகக் குறைவு. ஆனால் தண்டவாள முனைகள் இம்மி பிசகாமல் சேர வேண்டும், பலகை இல்லாத நேரத்தில் ரயில் பள்ளத்துக்குள் ஓடாதபடி தடுப்பும் வேண்டும். குட்டையான ரயில்களுக்கு நன்றாகவே பொருந்தும் என்று தோன்றுகிறது.

மரம் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். உங்கள் மிக நீளமான ரயில் முழுதாக நிற்கும் அளவுக்கு ஒரு பலகை எடுங்கள். 2.5 மீட்டர் பலகை என்றால் ஒரு முனையை 5 செ.மீ. தூக்கினால் சுவரோரப் பாதை, 7.5 செ.மீ. தூக்கினால் 75 ஆரச் சுருள். இரண்டாவதில் சக்கரம் சறுக்கினால், பெட்டிகளைக் குறைப்பதா, இன்ஜினைக் கூட்டுவதா, சுவரோரம் போவதா என்பதை அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.