பத்து வருடப் பழைய காரில் பன்னிரண்டு கட்டம்: லீசிங்கில் மின்சாரக் கார் எடுக்கப் போகிறவர்களுக்கு

நான் நிலாவெளியில் இருந்து தினமும் திருகோணமலை நகருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். போக வர முப்பது கிலோமீற்றர், பிள்ளைகளின் ரியூசன், சந்தை, கோயில் எல்லாம் சேர்த்து மாதம் ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் ஓடும். என்னிடம் இருந்தது ஒரு பழைய நிசான் சன்னி, பெற்றோல் கார். லீற்றருக்கு 12 ஓடும், அதுவும் அதன் மனநிலையைப் பொறுத்தது. நான் கணக்குப் போட்ட நேரம் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 300 ரூபாயை ஒட்டி இருந்தது, ஆக மாதம் 25,000 பெற்றோலுக்கே போய்க்கொண்டிருந்தது.

இந்த 25,000 என்ற எண்ணை வைத்துத்தான் தரகர் என்னைப் பிடித்தார். 2014 மொடல் நிசான் லீஃப், 24 கிலோவாட் மணி பற்றரி, விலை 36 இலட்சம். 2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தானே திறந்தது, அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டிகள் எல்லாம் பொன் விலைக்கு ஏறியிருந்தன, அதனால் 36 என்றது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சன்னியை விற்றால் 18 வரும், மீதி 18 லீசிங், அதாவது கம்பனி காசு கொடுக்கும், நான் மாதாமாதம் கட்டி முடிக்கும்வரை கார் அவர்கள் பெயரில். நான்கு வருடம், வருடத்துக்கு 11 வீத வட்டி, மாதம் 54,000. "அண்ணா, பெற்றோல் காசு 25 மிச்சம், அப்ப உங்கட கையால போறது 29தான், நாலு வருசத்தில கார் உங்கட" என்றார். அந்த இடத்திலேயே நான் தலையாட்டிவிட்டேன். மனைவி மட்டும் "பொறுங்கோ, ஒரு ஆளிட்டக் கேட்டிட்டு எடுப்பம்" என்றாள். கேட்கவில்லை.

காரைப் பார்க்கப் போனபோது டாஷ்போட்டைத்தான் முதலில் காட்டினார்கள். லீஃப் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வலது ஓரத்தில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் சின்னச் சின்னக் கட்டங்கள் 12 இருக்கும். பற்றரி 15 வீதம் அளவில் தேய்ந்தால் முதல் கட்டம் போகும், பிறகு ஆறு ஆறு வீதமாக ஒவ்வொன்றாய் விழும். இந்தக் காரில் பன்னிரண்டும் முழுசாக இருந்தது. "பாருங்க, புதுசு மாதிரி" என்றார்கள். நானும் பூரித்துப்போனேன். இப்போது சொல்கிறேன், பத்து வருடம் தாண்டிய, இந்த வெயிலில் ஓடிய லீஃபில் பன்னிரண்டு கட்டம் நிறைந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அந்தக் காரின் பற்றரிக்குத் தண்ணீர் வைத்துக் குளிர்விக்கும் ஏற்பாடு கிடையாது, வெளிக்காற்றுத்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இங்கே வெளிக்காற்று எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இது காரைக் குறை சொல்வதற்காக இல்லை. வயது போன பற்றரி தேயத்தான் செய்யும், தேய்ந்ததை மறைத்து விற்றதுதான் அநியாயம்.

இரண்டு வாரம் எல்லாம் சரி. மூன்றாவது ஞாயிறு கந்தளாயில் மாமா வீட்டில் ஒரு விசேஷம். போக வர 110 கிலோமீற்றர், டாஷ்போட் 140 என்று காட்டியது, குடும்பத்தோடு ஏசி போட்டுக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது எண் மளமளவென்று இறங்கியது, 40 என்றது 22 ஆனது, ஏசியை நிறுத்தினோம், பாலம்போட்டாற்றுக்குக் கிட்ட வந்தபோது டாஷ்போட்டில் ஒரு ஆமைப் படம் எரிந்தது. ஆமை வந்தால் கார் ஆமை மாதிரித்தான் போகும், அப்புறம் அதுவும் இல்லை. கண்டி வீதியில் இருட்டில் இரண்டு பிள்ளைகளோடு நின்றோம். யானை வரும் என்று சின்னவன் அழத் தொடங்கிவிட்டான். கடைசியில் ஒரு லொறிக்காரர் புண்ணியத்தில் காரை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் டவுனில் மின்சாரக் கார் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினியில் இருப்பதை வாசிக்க உதவும் ஓபிடி துளையில் ஒரு சின்னக் கருவியைச் செருகி, போனில் லீஃப்ஸ்பை என்ற செயலியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, இது ரீசெட் அடிச்ச வண்டி" என்றான். விஷயம் என்னவென்றால், அந்தக் கட்டங்கள் பற்றரியை நேரே அளந்து காட்டுவதில்லை, காரின் கணினி நினைவில் வைத்திருக்கும் கணக்கைக் காட்டுகின்றன. அந்த நினைவை அழித்துவிட்டால் கணினி பற்றரியைப் புதிது என்று நினைத்துப் பன்னிரண்டையும் காட்டும். பிறகு நாம் சார்ஜ் ஏற்றி ஓட்ட ஓட்ட உண்மையை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும். தம்பி சொன்ன மாதிரியே நடந்தது. மூன்று மாதத்தில் 12, 10 ஆகி, 9 ஆகி, இப்போது 8. கடைசியாகப் பார்த்தபோது பற்றரியின் ஆரோக்கியம் 62 வீதம். ஏசியோடு 75, 80 கிலோமீற்றர், அவ்வளவுதான்.

விற்றவரிடம் போனேன். "நீங்க பார்த்துத்தானே எடுத்தீங்க, கட்டம் அப்ப 12 இருந்ததா இல்லையா?" இருந்தது. அதுதானே பிரச்சினை.

லீசிங் கம்பனிக்குப் போனேன். அங்கே ரொம்ப மரியாதை, ஏசி அறை, தேத்தண்ணி. ஆனால் பதில் ஒன்றுதான். காரைத் தெரிவு செய்தது நீங்கள், நாங்கள் காசு கொடுத்தோம், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை தவணைதான். ஒப்பந்தத்திலும் அப்படியே இருந்தது, ஆங்கிலத்தில் இருபது பக்கத்துக்கு மேல், நான் கவுண்டரில் நின்றபடி அவர்கள் பென்சிலால் அடையாளம் போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்து வைத்தது. லீசிங்குக்காக மதிப்பீட்டாளர் காரைப் பார்த்து எழுதிய அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். செசி இலக்கம், பெயின்ற், டயர், சீற் எல்லாம் இருக்கிறது, பற்றரியைப் பற்றி ஒரு வரி இல்லை. மின்சாரக் காரின் விலையில் பெரும் பங்கு பற்றரி, அதைப் பார்க்காமல் 36 இலட்சம் என்று எழுதியிருக்கிறார் அந்த மனுசன்.

இந்தக் கோபத்தில்தான் ஒரு கொப்பியை எடுத்து, முதலிலேயே போட்டிருக்கவேண்டிய கணக்கைப் போட்டேன்.

11 வீதம் என்றது முழுத் தொகைக்கும் நான்கு வருடமும் மாறாமல் போடும் வட்டி. 18 இலட்சத்துக்கு 11 வீதம், நான்கு வருடம், 7 இலட்சத்து 92 ஆயிரம். நான் மாதாமாதம் முதலைக் கட்டிக் கட்டிக் கடன் குறைந்தாலும் வட்டி மட்டும் முதல் நாள் 18 இலட்சத்துக்கே ஓடுகிறது. மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இது வருடத்துக்கு 19 வீதத்துக்கு மேல் வருகிறது. என் வங்கியில் அப்போது 14 வீதத்துக்குக் கடன் இருந்தது, 11 குறைவு என்று நினைத்து விட்டேன். அந்த 14 குறைந்துகொண்டு போகும் வட்டி, மாதம் 49,000 சொச்சம்தான் வந்திருக்கும், மொத்தத்தில் 2 இலட்சத்து 30 ஆயிரம் மிச்சம். லீசிங்கில் நிற்கும்போது "எத்தனை வீதம்" என்று கேட்காதீர்கள், "கடைசித் தவணை வரைக்கும் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்" என்று கேளுங்கள்.

அடுத்தது அந்த 25,000. பெற்றோல் மிச்சம் சரி, கரண்ட் சும்மாவா வருகிறது? எங்கள் வீட்டில் மாதம் 90 அலகு ஓடிக்கொண்டிருந்தது, கார் வந்த பிறகு 250. வீட்டுப் பாவனையில் 180 அலகைத் தாண்டினால் மேலே வருவதெல்லாம் ஆகக் கூடிய விலை. பில் ஏறக்குறைய 10,000 கூடிவிட்டது. அப்படியானால் உண்மையான மிச்சம் 15,000. லீசிங் வட்டியை மட்டும் 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 16,500. விளங்குகிறதா? பற்றரி மோசடியை விடுங்கள், கார் நல்ல காராக இருந்திருந்தாலும் என் ஓட்டத்துக்குப் பெற்றோல் மிச்சம் வட்டிக்கே காணாது. இதில் முழுக் காப்புறுதி வேறு, சன்னிக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதியோடு ஓடிக்கொண்டிருந்தேன், லீசிங் வண்டிக்கு அது எடுபடாது. ஆவணக் கட்டணம், வீட்டில் சார்ஜ் ஏற்றத் தனி வயர் இழுத்த கூலி எல்லாம் நான் கொப்பியில் எழுதவே இல்லை, மனம் வரவில்லை.

எல்லோருக்கும் நட்டம் என்று சொல்ல மாட்டேன். வாடகைக்கு ஹயர் ஓடுகிற, மாதம் 3,000 கிலோமீற்றர் ஓட்டுகிற ஆளுக்குக் கணக்கு மாறும், கூரையில் சோலார் இருந்தாலும் மாறும். முற்பணம் கூடப் போட்டுக் கடனைக் குறைக்க முடிந்தவருக்கும் மாறும். என்னை மாதிரி நிலாவெளிக்கும் டவுனுக்கும் இடையில் ஓடுகிறவனுக்கு, பழைய சன்னியையே திருத்தி ஓட்டியிருக்கலாம்.

நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து விற்றவரைப் பற்றி முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். லீசிங் வட்டி சொன்ன விதத்தைப் பற்றி மத்திய வங்கியின் 1935க்கும் எடுத்தேன், எழுத்தில் தரச் சொன்னார்கள், கொடுத்தாயிற்று. இரண்டுக்கும் இன்னும் முடிவு இல்லை. தவணை மட்டும் நாள் தவறாமல் போகிறது, இன்னும் 37 இருக்கிறது. வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர்தான், இரண்டு மூன்று தவணை பிந்தினால் காரைச் சீஸ் பண்ண, அதாவது பறித்துக்கொண்டு போக, ஆள் வரும், கட்டாமல் இருக்க வழியில்லை.

அந்த ஓபிடி கருவியை நானும் ஒன்று வாங்கிவிட்டேன். பழைய லீஃப் பார்க்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிறு என்றால் நானே கூட வந்து பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். ஆனால் நிலாவெளியில் இருந்து 30 கிலோமீற்றருக்குள் இருக்கவேண்டும், அதற்கு மேல் என் காரில் போய்த் திரும்பி வர முடியாது.