சோசியல் மீடியா மார்க்கெட்டிங்னு சொல்லி 72,000 ரூபாய் வாங்கிட்டு கையை விரிச்சுட்டாங்க, சின்ன தொழில் பண்றவங்க தயவுசெஞ்சு படிங்க

மொத்தம் 72,000 ரூபாய்ங்க. தீபாவளி சரக்குக்கு நூல் எடுக்க வச்சிருந்த காசு. "விளம்பரம், பேஜ், பிஆர் எல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க சரக்கை மட்டும் ரெடி பண்ணுங்க"ன்னு வந்த ஒரு ஏஜென்சி வாங்கிட்டுப் போச்சு, இப்ப போன் போட்டா எடுக்கறதே இல்ல. நேத்து ராத்திரிதான் எங்க பேஜ்ல இருந்தே என்னை தூக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுது, அந்த ஆத்திரத்துல உக்காந்து எழுதறேன். சீசன் நேரத்துல இந்த மாதிரி ஆளுங்க ஊர் ஊரா போன் போட்டுட்டு இருப்பாங்க, அதனால முழுசா படிங்க, கடைசில என்னென்ன பாக்கணும்னு விவரமா சொல்றேன்.

எங்களுது சென்னிமலை. பெட்ஷீட், போர்வை, துண்டு. வீட்டுல தறி இருக்குது, பக்கத்து வீடுகள்லயும் கூலிக்கு ஓட்டிக் குடுக்கறாங்க. 2019ல ஃபேஸ்புக் பேஜும் இன்ஸ்டாகிராமும் நானே ஆரம்பிச்சேன், புது டிசைன் தறியில இருந்து இறங்குனா போட்டோ எடுத்து போடுவேன், பாத்துட்டு வாட்ஸ்அப்ல கேப்பாங்க, பார்சல் போட்டு விடுவோம். அளவான வியாபாரம்தான், ஆனா வாங்குனவங்களே திரும்பத் திரும்ப வாங்குவாங்க. பவர்லூம் சரக்கை கைத்தறின்னு சொல்லி விக்கறவங்க விளம்பரமா போட்டுத் தள்ள ஆரம்பிச்சதும், நாமளும் போடலைன்னா நிக்க முடியாதுன்னு வீட்டுக்காரரும் நானும் பேசி முடிவு பண்ணுனோம். கடை, சர்வீஸ் எல்லாம் தேடறதுக்கு லிஸ்டிங் ஆப் இருக்குமில்லைங்களா, அதுல ஒண்ணுல தேடுனதுல "வெரிஃபைடு"னு டிக் போட்டு அஞ்சு ஸ்டாரோட இருந்த ஏஜென்சி இது. நம்பரைக் குடுத்து கொஞ்ச நேரத்துலயே போன் வந்துருச்சு.

வந்தவன் வீட்டுக்கே வந்தான். அதைத்தான் என்னால தாங்க முடியல. செருப்பைக் கழட்டிட்டு தறிக்குழி பக்கத்துல உக்காந்து, பாவு எங்க வாங்கறீங்க, ஒரு பெட்ஷீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு எல்லாம் கேட்டான், அத்தை குடுத்த டீயைக் குடிச்சான். "அக்கா, எங்க அப்பாவும் தறி ஓட்டுனவர்தான், நெசவாளி காசு என்னன்னு எனக்குத் தெரியும், உங்களை நான் ஏமாத்துவனா"ன்னு அவனா சொன்னான், நாங்க ஒண்ணுமே கேக்கல. லேப்டாப்ல வேற ஒரு துணிக்கடையோட ரிப்போர்ட்னு காட்டுனான், கோடு சும்மா ஏறிட்டே போகுது. எங்க அத்தை யாரையும் லேசுல நம்ப மாட்டாங்க, அவங்களே "பையன் நல்ல பையனாட்டம் தெரியுது"ன்னாங்க. அன்னைக்கே ஜிபே பண்ணிட்டோம். பேஜ் பாத்துக்க மாசம் 8,000 வீதம் மூணு மாசத்துக்கு 24,000. ஃபேஸ்புக், இன்ஸ்டா விளம்பரத்துக்கு 33,000. "நியூஸ் சைட்ல உங்களைப் பத்தி வரும், கூகுள்ல பேரு தேடுனா நீங்கதான் முதல்ல நிப்பீங்க"ன்னு பிஆர் பேக்கேஜ் 15,000. ஆகமொத்தம் 72,000.

முதல்ல வந்த போஸ்டரைப் பாத்தே வயிறு எரிஞ்சுது. எங்க சரக்கு ஒண்ணு கூட இல்ல, நெட்ல இருந்து எடுத்த ஏதோ ஓட்டல் ரூம் வெள்ளை மெத்தை, அதுமேல எங்க கடை பேரு. கேட்டா "பிரீமியம் லுக் அக்கா". அப்புறம் திடீர்னு ஃபாலோயர்ஸ் ஆயிரக்கணக்குல ஏறுச்சு, நாங்களும் சந்தோசப்பட்டோம், ஆனா ஒரு ஆள் கூட விலை கேக்கல. யாரு பாக்கறாங்கன்னு கணக்கு காட்டற இன்சைட்ஸ்ல போய் எந்த ஊர்க்காரங்கன்னு பாத்தா தமிழ்நாடே மேல இல்லைங்க, பூரா வெளிநாட்டு ஊரு பேரு. முகமில்லாத ஐடி எல்லாம் வந்து "நைஸ்", "சூப்பர்"னு போட்டுட்டுப் போகுது. காசு குடுத்து வாங்குன ஃபாலோயர்ஸ். இதனால பேஜுக்கு கெடுதல்தான், ஏன்னா நாம போஸ்ட் போட்டா அந்த செத்த ஐடிகளுக்குத்தான் போகும், அவங்க கண்டுக்கலைன்னா நிஜ கஸ்டமருக்கு காட்டறதும் குறைஞ்சு போகும். பழைய கஸ்டமர் ஒரு அம்மா வாட்ஸ்அப்ல வந்து "இப்பல்லாம் நீங்க போடறதே வர்றதில்லையே, தொழிலை விட்டுட்டீங்களா"ன்னு கேட்டாங்க.

சரி விளம்பரமாவது ஓடுதான்னு கேட்டா "ஓடுது அக்கா, லேர்னிங் ஃபேஸ்ல இருக்கு". அந்த லேர்னிங் ஃபேஸ்ங்கறது நிஜமாவே இருக்கற விஷயம்தான், விளம்பரம் ஓட ஆரம்பிச்சு வாரத்துல ஒரு 50 ஆர்டரோ விசாரணையோ வந்தாத்தான் யாருக்கு காட்டணும்னு அதுக்கே ஒரு பிடி கிடைக்கும்னு என் தம்பி சொன்னான். ஆனா ஓடாத விளம்பரத்துக்கு என்னய்யா லேர்னிங்? தம்பிதான் ஃபேஸ்புக்ல ஆட் லைப்ரரின்னு ஒண்ணு இருக்குதுன்னு காட்டுனான். யாரு வேணா பாக்கலாம், காசு கிடையாது, பேஜ் பேரைப் போட்டா இப்ப என்னென்ன விளம்பரம் ஓடுதுன்னு அப்படியே வந்துரும். எங்க பேரைப் போட்டா ஒண்ணுமே இல்ல. அடுத்த நாள் பாத்தேன், இல்ல. அடுத்த வாரம் பாத்தேன், இல்ல. 33,000 ரூபாய் விளம்பரம் எங்கய்யா ஓடுது?

பில்லு கேட்டேன். விளம்பரத்துக்கு ஃபேஸ்புக் ஒவ்வொரு தடவை காசு பிடிக்கறப்பவும் ரசீது வரும், பேமென்ட் பக்கத்துல போனா டவுன்லோட் பண்ணிக்கலாம், அதைக் குடுன்னேன். மேல கீழ வெட்டுன ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பறான், அதுல அக்கவுண்ட் பேரே இல்ல. விளம்பர அக்கவுண்ட் அவங்க பேர்லயே வச்சுக்கிட்டாங்க, "பாதுகாப்புக்காக அக்கா"ன்னு முன்னாடியே சொல்லியிருந்தான். கொட்டேசன்ல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேர்த்துதான்னு போட்டிருந்தான், அதுல இருந்த ஜிஎஸ்டி நம்பரை ஜிஎஸ்டி வெப்சைட்ல போட்டுப் பாத்தா "கேன்சல்டு"ன்னு வருது. ரத்தான நம்பரைப் போட்டு எங்ககிட்ட வரி வாங்கியிருக்கான்.

பிஆர் கதை இன்னும் மோசம். 15,000 ரூபாய்க்கு வந்த நியூஸ் எல்லாம் கேள்விப்படாத சைட்டுங்க, எல்லாத்துலயும் ஒரே மேட்டர், எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. அதுல எங்க காட்டன் பெட்ஷீட்டை மைக்ரோஃபைபர்னு, அதாவது செயற்கை நூல்னு எழுதி வச்சிருக்கான்! கைத்தறி காட்டன்னு நம்பி வாங்கறவங்க அதைப் படிச்சா எங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க? மாத்துங்கன்னு சொன்னா "பப்ளிஷ் ஆனா மாத்த முடியாது".

அப்புறம் நடந்தது எல்லாம் அலைக்கழிப்புதான். முதல்ல "அல்காரிதம் மாறிருச்சு அக்கா". அப்புறம் "முதல் மூணு மாசம் பிராண்ட் அவேர்னஸ்தான், சேல்ஸ் அடுத்த பேக்கேஜ்ல வரும்". அப்புறம் "டீம்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்". கொஞ்சம் சத்தமா பேசுனதும் அக்கா போயி "மேடம்" ஆயிட்டேன், "மேடம், ரிசல்ட் கேரண்டி இல்லைன்னு அக்ரிமென்ட்ல இருக்கு, அக்கவுண்ட்ஸ்ல பேசிக்கோங்க"ங்கறான். அக்கவுண்ட்ஸ் நம்பர்னு குடுத்தது எந்நேரமும் ஸ்விட்ச் ஆஃப். வீட்டுக்காரர் நேர்ல ஆபீஸுக்குப் போனாரு, மாடிப்படியில ஒரு போர்டு, உள்ள ஒரு பொண்ணு மட்டும் உக்காந்திருக்குது, "சார் வெளிய போயிருக்காரு". தறி நூல் காசு 72,000, அதுக்கு பதில் சொல்ல ஒருத்தன் இல்ல.

லிஸ்டிங் ஆப்புக்கு கம்ப்ளெயின்ட் பண்ணுனா, "நாங்க நம்பர் மட்டும்தான் தர்றோம், அதுக்கப்புறம் நடக்கறதுக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு ரெடிமேட் பதில். அப்ப அந்த வெரிஃபைடு டிக் எதுக்குய்யா? நான் ஒரு ஸ்டார் போட்டு எழுதுன ரிவ்யூவையும் காணோம்.

நேத்து ராத்திரி நானே பழையபடி போட்டோ போடலாம்னு பேஜைத் திறந்தா எனக்கு அனுமதி இல்லைங்குது. ஆரம்பத்துல ஃபுல் கன்ட்ரோல் வேணும், இல்லைன்னா விளம்பரம் போட முடியாதுன்னு கேட்டு வாங்கிக்கிட்டான், அதை வச்சு என்னையே வெளிய தள்ளிட்டான். மெசேஜ் பண்ணுனா ரொம்ப நாளா பதில் இல்லாதவன் ஒரு நிமிசத்துல பதில் போடறான், "பேஜ் டிரான்ஸ்ஃபர் சார்ஜ் 10,000"ன்னு. 2019ல இருந்து நான் கட்டுன பேஜ், அதை எனக்கே விலைக்கு விக்கறான்.

1930க்கு போன் பண்ணி, சைபர் கிரைம் போர்ட்டல்லயும் பதிஞ்சுட்டேன். ஸ்டேசன்ல "இது சிவில் மேட்டர் மாதிரி இருக்கும்மா"ன்னாங்க. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் பதிஞ்சாச்சு. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர், தொழிலுக்காக வாங்குன சர்வீஸ்னு தட்டிவிடப் பாப்பாங்க, ஆனா சொந்த உழைப்புல பிழைப்புக்காக பண்ற சுயதொழில்னா 2019 நுகர்வோர் சட்டத்துல இடம் இருக்குன்னு சொன்னாரு, 5 லட்சத்துக்குள்ளன்னா கேஸ் போட ஃபீஸும் கிடையாதாம். போடத்தான் போறோம்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், ஆனா தறிக்கு ஆள் வந்து நிக்குது, சுருக்கமா சொல்லிடறேன். விளம்பர அக்கவுண்ட் உங்க பேர்ல, உங்க கார்டுல இருக்கட்டும், காசு நேரா ஃபேஸ்புக்குக்குத்தான் போகணும், ஏஜென்சி கைக்கு அவங்க கூலி மட்டும். பேஜ்ல ஃபுல் கன்ட்ரோல் யாருக்கும் குடுக்காதீங்க, விளம்பரம் போடற அனுமதி மட்டும் தனியா குடுக்கலாம், அதுவே போதும். ஆட் லைப்ரரியை நீங்களே பாருங்க. ஜிஎஸ்டி நம்பரை காசு கட்டறதுக்கு முன்னாடி வெப்சைட்ல போட்டுப் பாருங்க. மூணு மாசக் காசை ஒண்ணா கேட்டா வேண்டாம்னு அனுப்பிருங்க.

எங்க பழைய பேஜ்ல இருந்து இப்ப யாராவது ஆஃபர்னு மெசேஜ் பண்ணி பணம் கேட்டா அது நாங்க இல்லைங்க, அனுப்பிடாதீங்க. வாட்ஸ்அப் நம்பர் பழையதுதான், அது எங்ககிட்டதான் இருக்குது, ஆர்டர் அதுலயே சொல்லுங்க.