ஸ்டர்மி ஆர்ச்சர் எஸ்3சி ஹப்: வாங்கலாம், ஆனால் திறந்து சுத்தம் செய்யாமல் ஓட்டாதீர்கள்

பழைய ராலே சைக்கிள் ஏதாவது விலைக்கு வந்து, பின் சக்கர ஹப்பில் எஸ்3சி என்று பொறித்திருந்தால் தைரியமாக வாங்கலாம். 1970களில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி செய்த 3 கியர் ஹப் இது, பிரேக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது, பெடலைப் பின்னால் மிதித்தால் வண்டி நிற்கும். ஃப்ரீவீலில் பழகிய நம் காலுக்கு முதலில் கொஞ்சம் தகராறுதான், சிக்னலில் நின்றபடி பெடலைப் பின்னால் சுற்றி வசதியாக வைத்துக்கொள்வதெல்லாம் இதில் நடக்காது. 2வது கியர் நேர், அதாவது செயின் பல்சக்கரம் சுற்றும் வேகத்திலேயே சக்கரமும் சுற்றும், 1வதில் அந்த வேகம் கால் பங்கு குறையும், 3வதில் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஊருக்குள் ஓட்ட இது தாராளம்.

இதற்கு முன்னால் அதே கம்பெனியிலிருந்து வந்த டிசிடபிள்யூ ஹப் வேறு கதை. அதில் பிரேக் விசை கியர் வழியாகத்தான் போகும், அதனால் எந்தக் கியரில் இருக்கிறோமோ அதைப் பொறுத்துப் பிடிப்பும் மாறும், கேபிள் தளர்ந்து இரண்டு கியருக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பிரேக்கே இல்லாமல் போகலாம். எஸ்3சியில் பிரேக்கைக் கியரிலிருந்து பிரித்துவிட்டார்கள். பொறிப்பைப் படித்துவிட்டு விலை பேசுங்கள்.

சரி, உள்ளே. கழற்றும்போது ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: செயின் பக்கம் இருக்கும் பால் ரிங்குக்கு (பேரிங் குண்டுகள் உட்காரும் வளையம்) இரட்டை மரை, அதாவது இரண்டு இடத்தில் தொடங்கிப் பூட்டலாம். கழற்றுமுன் ரிங்கிலும் ஹப் விளிம்பிலும் ஒரே நேராகப் பென்சில் கோடு போட்டுவிடுங்கள், மாறிப் பூட்டினால் சக்கரம் நடுவிலிருந்து விலகிவிடும்.

என்னைக் கேட்டால் இந்த ஹப்பின் தலையெழுத்தே எந்த இடத்தில் எதைப் போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. கிளிக் கிளிக் என்று சத்தம் போடும் கொண்டிகளுக்கும் பல்சக்கரங்களுக்கும் எண்ணெய் மட்டும், கெட்டித்தனம் எஸ்ஏஇ 20 அல்லது 30 என்று டப்பாவில் போட்டிருப்பது. கொண்டியைத் தள்ளும் ஸ்பிரிங் முடி மாதிரி மெல்லியது, கெட்டி கிரீஸ் அதில் ஏறிவிட்டால் கொண்டி எழும்பாது, மிதிக்கும்போது பெடல் காற்றில் போகும். பிரேக் பக்கம் நேர் எதிர். அங்கே பிளந்த உலோக உருளை ஒன்று இருக்கிறது, பின்னால் மிதித்ததும் ஒரு கூம்பு அதற்குள் நெருக்கிப் புகுந்து அதை விரிக்கும், விரிந்த உருளை ஹப்பின் உட்சுவரை உரசிப் பிடிக்கும். உலோகத்தோடு உலோகம், சூடு தாங்கும் கிரீஸ் தாராளமாக வேண்டும், காய்ந்திருந்தால் கீச்சிடும், திடீரென்று கவ்வும். பேரிங் குண்டுகளுக்கும் கிரீஸ்தான். பழைய பிசினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினாலே பாதி நோய் தீர்ந்தது.

பூட்டுவது பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. வலப்பக்கக் கோனை (குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) விரலால் இறுகும்வரை திருகி, அரைச் சுற்றுத் தளர்த்திப் பூட்டுங்கள், மிச்ச ஆட்டத்தை இடப்பக்கத்தில் சரிசெய்யுங்கள், ரிம்மைப் பிடித்து அசைத்தால் துளி ஆட்டம் இருக்கலாம். அப்புறம் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிரேக் தண்டைச் சட்டத்தோடு பட்டை போட்டுக் கட்டாயம் இறுக்க வேண்டும், அது கழன்றால் பிரேக் பிடித்தவுடன் தண்டே சுழன்று எல்லாம் போச்சு.

மலைப்பாதைக்கு இது வேண்டாம். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் இப்படிப் பின்மிதி பிரேக் வைத்த பழைய வண்டிகளை மலைச் சரிவு மண்பாதையில் விட்டு ஓட்டினார்கள். கீழே வந்து சேர்வதற்குள் ஹப் சூட்டில் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், திரும்பவும் திறந்து அடைக்க வேண்டும், 1976ல் தொடங்கிய பந்தயத்துக்கே ரீபேக், அதாவது திரும்ப அடைப்பது, என்று பெயர் வைத்துவிட்டார்கள். சமதரையிலும் முன்னால் ஒரு கை பிரேக் இருக்கட்டும், செயின் அறுந்தால் பின் பிரேக்கும் சேர்ந்து போய்விடும்.

வாங்கும்போது அச்சின் இரண்டு நட்டும், கியர் கேபிள் மாட்டும் குட்டிச் சங்கிலியும் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சு 13/32 அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை. கடையில் கிடைக்கும் 10 மி.மீ. நட்டை வைத்து முறுக்கினால் மரை போய்விடும்.