கேலக்ஸியா, அஸ்டவுண்டிங்கா?

பழைய அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ்களில் ஒன்றை மட்டும் வரிசையாக வாசிப்பது என்று முடிவு செய்தபோது, போட்டி இரண்டுக்குத்தான். 1930இல் தொடங்கிய அஸ்டவுண்டிங் ஒன்று, ஹெச். எல். கோல்டு 1950 அக்டோபரில் தொடங்கிய கேலக்ஸி இன்னொன்று. நான் கேலக்ஸியை எடுத்தேன்.

அஸ்டவுண்டிங்கின் பெருமையை விளக்கத் தேவையில்லை. ஜான் கேம்ப்பெல் 1937இல் ஆசிரியராகப் பொறுப்பேற்ற பிறகு ஐசக் அசிமோவும் ராபர்ட் ஹைன்லைனும் அங்கேதான் வளர்ந்தார்கள். ஆறு சூரியன்கள் கொண்ட உலகில் 2,049 ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் இரவு வரும் அசிமோவின் 'நைட்ஃபால்' (1941) கதை இன்றும் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது.

என் அளவுகோல் ஒன்றே ஒன்று: கதை இரண்டாம் வாசிப்பைத் தாங்குமா?

அஸ்டவுண்டிங்கில் 1954 ஆகஸ்டில் வந்த டாம் காட்வினின் 'தி கோல்டு ஈக்வேஷன்ஸ்' (குளிர்ந்த சமன்பாடுகள்) கதையைப் பாருங்கள். மருந்து கொண்டுபோகும் சிறு விண்கலத்தில், அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஒரு பெண் ஒளிந்து ஏறிவிடுகிறாள். எரிபொருள் அளந்து ஊற்றப்பட்டது. அவளை வெளியே தள்ளியாக வேண்டும். முதல் வாசிப்பில் கலங்கினேன். இரண்டாவதில் எரிச்சல்தான் வந்தது. ஓர் ஆள் கூடினால் கலமே விழும் என்கிறார்கள்; தடுப்பதற்கு இருந்ததோ வெறும் அறிவிப்புப் பலகை. ஒரு பூட்டுப் போட்டிருந்தால் கதையே இல்லை! பழியை இயற்பியலின் தலையில் கட்டிவிட்டு நிர்வாகம் தப்பித்துக்கொள்கிறது.

அதே ஆண்டு ஏப்ரலில் கேலக்ஸி வெளியிட்டது ஃப்ரெடெரிக் போலின் 'தி மிடாஸ் பிளேக்'. ரோபோக்கள் பொருள்களைக் குவித்துக்கொண்டே இருப்பதால், ஏழைகள் மாளிகையில் வாழ்ந்து, ஒதுக்கீட்டுக் கணக்குப்படி தின்றும் உடுத்தியும் தீர்க்க வேண்டும். வசதி கூடக்கூடத்தான் எளிமையாக வாழ அனுமதி. முதல் முறை சிரித்தேன். தள்ளுபடி விலையில் வாங்கிய, பிரிக்காத பெட்டிகள் வீட்டில் அடுக்கியிருந்த நாளில் மறுபடி வாசித்தபோது சிரிப்பு வரவில்லை. கதாநாயகன் தன் பங்கைத் தேய்த்துத் தீர்க்க ரோபோக்களையே ஏவுவது, கிறுக்குத்தனமாக இருந்தாலும், அந்த உலகத்தின் கணக்குக்குள் சரியாகப் பொருந்துகிறது. ஓட்டை தேடினால் கிடைக்காமல் இல்லை. ஆனால் அதனால் கதை சரிவதில்லை.

கேலக்ஸியிலும் சலிப்பு உண்டு. இந்தக் கதையிலேயே மனைவியை வரைந்த விதம் 1950களைத் தாண்டவில்லை. வீட்டை விட்டு வெளியேறவே அஞ்சிய ஆசிரியர் கோல்டு, நியூயார்க்கில் தன் குடியிருப்பில் இருந்தபடியே இதழை நடத்தினார். அவ்விதழின் கதைகளில் விண்வெளியைவிட வீட்டு அறைகள் அதிகமோ என்று எனக்கு ஓர் ஐயம்.

கேம்ப்பெல்லுக்கு முந்தைய அஸ்டவுண்டிங்கில் நான் வாசித்தவை விரல் விட்டு எண்ணத்தக்கவை. ஆகவே என் தீர்ப்பு 1950களுக்கு மட்டும்தான். கோள்களும் கணக்குகளும் பிடித்தவர் அஸ்டவுண்டிங்கையே எடுக்கலாம். நான் இப்போது 1952ஆம் ஆண்டு கேலக்ஸியில் இருக்கிறேன். ஆல்ஃபிரட் பெஸ்டரின் 'தி டிமாலிஷ்டு மேன்' தொடரின் முதல் பகுதி முடிந்துவிட்டது.