பெரும்பாக்கம் ஏரி பறவை நடை: உள்ளானுக்காகப் போகலாம், சிட்டுக்குருவிக்காக வேண்டாம்

காசு கொடுத்துப் பறவை பார்க்கப் போவதா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொக்கு, மீன்கொத்தி, நாமக்கோழி எல்லாம் சும்மாவே தெரியும், அதற்கு வேண்டாம். சேற்றோரம் இரை தேடும் உள்ளான் வகையறாப் பறவைகளுக்கு என்றால் ஆளுக்கு 500 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். சென்னையில் மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் சாலையை ஒட்டிய பெரும்பாக்கம் ஏரியில், புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு காலை போனேன். நடத்திய குழுவின் பெயரைச் சொல்லவில்லை, திட்டவும் வேண்டியிருக்கிறது.

புத்தகத்தை வைத்துக்கொண்டு உள்ளான்களைப் பிரித்துப் பார்க்க முயன்றவர்களுக்கு அந்தத் தலைவலி தெரியும். எல்லாமே பழுப்பு, எல்லாமே சேற்றில் குனிந்தபடி, நாம் பக்கம் புரட்டுவதற்குள் பறந்துவிடும். வழிகாட்டியாக வந்த தம்பி நிறத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "பின்பக்கத்தைப் பாருங்க சார், விடாம ஆட்டுதா?" என்றார். ஆட்டிக்கொண்டே இருந்தால் அது சாதாரண உள்ளான், வயிற்று வெள்ளை தோளுக்கு முன்னால் கொஞ்சம் மேலேறி நிற்கும், பறந்தால் தண்ணீரை ஒட்டியே இறக்கையை முழுசாக வீசாமல் வெடவெடவென்று போகும். பொரி உள்ளானுக்கு முதுகெல்லாம் பொரி சிதறின மாதிரி புள்ளி, கண்ணுக்கு மேல் நீளமாக வெள்ளைப் புருவம். இரண்டையும் டெலஸ்கோப்பில் மாற்றி மாற்றிக் காட்டிய பிறகு, அடுத்து வந்ததை நானே சொல்லிவிட்டேன். கொடுத்த காசு அங்கேயே வசூலாகிவிட்டது.

கொசு உள்ளான் தனிக்கதை. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சிறிசு, ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இத்தனை தூரம் பறந்து வந்து, நம் ஆட்கள் வீசின பால் கவருக்குப் பக்கத்தில் தையல் மிஷின் ஊசி கணக்காகச் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கிறது!

சரி, குறைக்கு வருவோம். ஆறு மணி என்றார்கள், கிளம்பும்போது ஏழு ஆகப்போகிறது, வெயில் ஏறினால் சேற்றின் மேல் கானல் அலையடித்து டெலஸ்கோப்பில் ஒன்றும் தெளியாது என்பது அவர்களுக்குத் தெரியாதா? இருபத்தைந்து பேருக்கு ஒரே டெலஸ்கோப். வாடகைக்குக் கொடுத்த பைனாகுலரில் லென்ஸுக்குள் பூஞ்சை, அதற்குத் தனியாகக் காசு வேறு. உங்களிடம் இருந்தால் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்லென்ஸ்) பைனாகுலர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

விளம்பரத்தில் "சிட்டுக்குருவி ஸ்பெஷல்" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். டீக்கடைப் பலகைக்குப் பின்னால் ஒரு ஜோடி, மூன்று நிமிஷம், அவ்வளவுதான். இதற்குத் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பழைய தெருக்களில் மளிகைக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

போகிறவர்கள் ஐப்பசி மழை வலுப்பதற்கு முன்பே போய்விடுங்கள். ஏரி நிரம்பினால் சேறு முங்கிவிடும், சின்னக் கால்காரர்கள் ஆழமில்லாத இடம் தேடிப் போய்விடுவார்கள், நெடுங்கால் உள்ளான் மட்டும் கொஞ்சம் சமாளிக்கும். மழைக்காலம் முடிந்து தண்ணீர் வற்றும்போது மறுபடி ஒரு வாய்ப்பு உண்டு. 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கம் ஜனவரியில் ஒரு நடை வைக்கப்போகிறார்களாம். இரண்டு டெலஸ்கோப் இருக்குமா என்று கேட்டிருக்கிறேன், பதில் வந்தால்தான் பணம் கட்டுவேன். ஐந்துக்கு மூன்றரை, அதில் மூன்று அந்தத் தம்பிக்கு.